கோழிக் கேஸும் கமலாத்தாளும்

பெருமாட்டிப் பக்கம் கமலாத்தாள் என்று கேட்டால் எந்தக் கமலாத்தாள் என்பார்கள். ஜாமீன்காரி என்று கேட்டுப் பாருங்கள், சித்தூர்க் கோர்ட்டு வாசலில் வெற்றிலை விற்கிறவன்கூட வீட்டுக்கு வழி சொல்லுவான். எட்டு ஏக்கர் நிலம், அறுபது தென்னை, புருஷன் போன பிறகு எல்லாம் அவள் பேரில். ஒரு வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டுப் படியேறியவள், வாய்தாமேல் வாய்தாவாக நாலு வருஷம் அந்த வராந்தாவிலேயே கிடந்தாள். சும்மா கிடக்கிற பிறவியா அவள்?

ஒருநாள் ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் ஒரு கிழவன் உள்ளே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். கமலாத்தாள் விறுவிறுவென்று போய், மடியிலிருந்த நிலவரி ரசீதை எடுத்து குமாஸ்தாவின் மேசையில் வைத்தாள்.

"பொம்பளை ஜாமீனா?" என்று அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏனுங்க, வரி வாங்கறப்ப ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துட்டா வாங்கறீங்க?"

கோர்ட்டே சிரித்துவிட்டது. ரசீது செல்லுபடியானது. அன்றிலிருந்து தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் அவள்தான் ஜாமீன். அவள் ஜாமீன் கொடுத்த ஆள் ஒருத்தன்கூட வாய்தாவுக்கு வராமல் இருந்ததில்லை. வராதவன் வீட்டு வாசலுக்கே கமலாத்தாள் வந்து நாலு தெரு கேட்கப் பேசுவாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் வராந்தாவில் கேட்ட வழக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தவனுக்கே தண்டனை கிடைத்தது கிணற்றுக் கேஸ். போலீஸ்காரர் எழுதி வாங்கிய குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று ஆனது கையெழுத்துக் கேஸ். கோழி திருடினான் என்று ஒருத்தனை மூன்று நாள் அடைத்து வைத்தார்களே, அது கோழிக் கேஸ். பிடித்த ஆளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அரசியல் சட்டம் இருபத்திரண்டாம் பிரிவு என்று அன்றைக்கு வக்கீல் மேசையைத் தட்டிய தட்டில் வராந்தாக் காக்கைகள் பறந்து போயின. கடலைக்காய் உரிக்க உட்கார்ந்தால் இந்தக் கதைகளைத்தான் சொல்லுவாள். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஐப்பசிக் கடைசி. பக்கத்து வீட்டு மருதாத்தாளின் மகன் காளிச்சாமிக்குப் பதினாறு வயது, பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் ஆகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே திரிவான். பெரிய தோட்டத்து ஆயில் என்ஜினில் ஒரு பித்தளைக் குழாயைக் காணோம் என்று புகார் போக, அந்தப் பக்கமாக நடந்து போன பாவத்துக்கு ஏட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். (குழாயை ரிப்பேருக்கு எடுத்துப் போனவன் நாலு நாள் கழித்துத் தானே கொண்டுவந்து மாட்டினான். அதற்குள் நடந்ததுதான் இந்தக் கூத்தெல்லாம்.)

கமலாத்தாளுக்கு மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்டு கிடையாது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். பையன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு எழுதிய காகிதம், ஒரு பேனா.

"ஏட்டையா, ரசீது கொண்டாந்திருக்கறனுங்க. ஜாமீன் எழுதிக்கிட்டுப் பையனை உடுங்க."

ஏட்டு சூசையப்பன் சிரித்தார். "எதுக்கு ஜாமீன்? கேஸே எழுதலையே! சும்மா விசாரிக்கறோம். ஒரு கையெழுத்துப் போட்டான்னா இப்பவே ஊட்டுக்குப் போயிடலாம்."

கேஸ் இல்லாவிட்டால் ஜாமீனும் இல்லை! ரசீதை நீட்டினால் எந்தப் பூட்டும் திறக்கும் என்று நம்பியிருந்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் இருந்தது வெறும் காகிதம்.

"நான் எடுக்கலீங்க அத்தே," என்றான் பையன். குரல் உடைந்திருந்தது. "போட்டா உட்டர்றேங்கறாங்க. போட்டர்லாமுங்களா?"

அந்தக் கையெழுத்து கோர்ட்டில் செல்லாது, சரி. பள்ளிக்கூடத்தில் செல்லுமே! திருடன் என்று ஒருதரம் பெயர் வந்துவிட்டால் எந்த ஊரில் அவனை வாத்தியாராக வைப்பார்கள்? கமலாத்தாள் பையன் பக்கம் குனிந்தாள்.

"எப்பக் கூட்டியாந்தாங்க கண்ணு?"

"நேத்து அஞ்சு மணிக்குங்க."

"போட்றாதே சாமி. நான் வர்ற வரைக்கும் அந்தப் பேனாவைத் தொடாதே!"

மாஜிஸ்திரேட் ராமபத்ரனின் வீடு கல்பாத்தியில் என்று அவளுக்குத் தெரியும். பாலக்காட்டுக்குப் பஸ் பிடித்தாள். போனால், அங்கே தேர்! தெரு கொள்ளாத கூட்டம். வீட்டில் அவர் இல்லை; தேர் இழுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். முட்டி மோதி உள்ளே நுழைந்து பார்த்தால், கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்குள் பார்த்த மனுஷர் திறந்த மார்பும் வேர்வையுமாக வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எசமான்! கோழிக் கேஸுங்க!"

"ராம ராமா! தேர்வடத்தைப் பிடிச்சுண்டு நிக்கறப்போ கோழியைப் பத்தியா பேசறது?" என்று திரும்பியவர் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். "ஜாமீன்காரியா? என்ன ஆச்சு?"

"பதினாறு வயசுப் பையனுங்க. நேத்து அஞ்சு மணிக்குப் புடிச்சாங்க. கேஸும் எழுதலை, உடவும் மாட்டேங்கறாங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட இருபத்துநாலு முடியுதுங்க. கையெழுத்துக் கேக்கறாங்க எசமான், கொழந்தை பயந்து போயிருக்குது!"

ராமபத்ரன் வடத்தை விட்டார். பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கி, தேர்த்திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்திலேயே நாலு வரி எழுதினார். "இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. அஞ்சு மணிக்குள்ள அந்தப் பையன் என் முன்னால நிக்கணும், கேட்டேளா?"

நாலரை மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் நின்றான். ஏட்டு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவன் கையெழுத்துப் போடவில்லை. காலையிலிருந்து இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். ராமபத்ரன் அவனை ஒரு முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஏட்டைப் பார்த்தார்.

"இவனை அரெஸ்ட் பண்ணியிருக்கேளா?"

ஆமாம் என்றால் கேஸ் எங்கே என்று கேட்பார். ஏட்டு தொப்பியை மறு கக்கத்துக்கு மாற்றினார். "அரெஸ்ட் இல்லீங்க எசமான். சும்மா உக்கார வெச்சிருக்கோம்."

"அப்படியா?" மாஜிஸ்திரேட் பையன் பக்கம் திரும்பினார். "நீ அரெஸ்ட் ஆகலையாக்கும். சும்மா உக்காந்திருக்கறவன் எழுந்து போறதுக்கு ஒருத்தர் உத்தரவும் வேண்டாம், கேட்டியா?"

காளிச்சாமிக்குப் புரியவில்லை. "போலாமுங்களா?"

"என்னை ஏன் கேக்கறே? நடந்து பாரு."

பையன் எழுந்தான். ஏட்டைப் பார்த்தான். ஒரு அடி வைத்தான். ஏட்டு அசையவில்லை. இன்னொரு அடி. வாசல்படியில் ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று தெருவில் இறங்கினான்.

கமலாத்தாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே விம்மினாள். தேர்க்கூட்டத்துக்கு நடுவிலிருந்து பையனின் குரல் கேட்டது.

"அத்தே, வாங்க! ஒருத்தருமே புடிக்கலீங்க!"