பேய்ப்படத்தில் நான் அலறிய காட்சி

மனைவியின் தம்பி கைபேசியிலேயே ஒரு பேய்ப்படம் எடுத்தான். தன்னைக் கொன்ற வீட்டுக்காரனை ஒருத்தி பேயாக வந்து பழிவாங்கும் கதை. அந்த வீட்டுக்காரன் நான்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் ஜன்னல்களைப் பெட்சீற்றால் மூடிப் பட்டப்பகலை நள்ளிரவாக்கினோம். ஒரு மண்டபம் எடுத்துச் சனத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோதுதான் குறைகள் தெரிந்தன. பேயின் காலில் இறப்பர் செருப்பு கிடந்தது. பகலில் தெருத்தெருவாகப் பாணும் பணிசும் விற்கும் ஆட்டோவின் பாட்டு படத்தின் நள்ளிரவில் கேட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒபீசிலிருந்து எல்லோரையும் நானே அழைத்திருந்தேன். திங்கட்கிழமை எந்த முகத்தோடு போவது என்று கதிரைக்குள் புதைந்தேன்.

திரையில் பேய் என் கழுத்தைப் பிடித்தது. நான் அலறிய அலறலில் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

உண்மையில் அந்தக் காட்சியை எடுத்த நேரம் என் உச்சந்தலையில் பல்லி விழுந்தது. தலையில் பல்லி விழுந்தால் மரணம் என்று பஞ்சாங்கத்தில் படித்திருந்தவன், மூன்று நாள் கோயிலுக்கு ஓடினேன்.

படம் முடிந்ததும் மண்டப வாசலில் என் மேலதிகாரி கை குலுக்கினார். “எப்பிடி ஐசே இப்பிடி நடிச்சனீர்?”

“அது பிறவியிலயே வந்தது, சேர்.”

“பல்லியின்ரை பேரையும் போட்டிருக்கலாம்,” என்று மனைவி காதுக்குள் சொன்னாள்.

திங்கட்கிழமை அரை மணித்தியாலம் முன்னதாகவே ஒபீசுக்குப் போனேன்.