சந்தனம் பூசிய பந்து

குடைக்குக் கம்பி மாற்றப் போன இடத்தில், பக்கத்துக் கடை வாசலில் வலைப்பை நிறையப் புதுப் பந்துகள் தொங்கின. அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக் கோபம். பிரஷர் மாத்திரைக்கெல்லாம் அது அடங்காது.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டிரில் டீச்சர். உத்தரவில் 'உடற்கல்வி ஆசிரியை' என்று இருந்தது. அப்படி ஒருவரும் கூப்பிடவில்லை. கழுத்தில் விசில், கொண்டையில் கனகாம்பரம், பெரிய நினைப்பு வேறு. பள்ளிக்கு இருந்ததே ஒரு பந்துதான். அதுவும் தலைமையாசிரியர் பீரோவில். பிரெஞ்சில் படித்த மனிதர், 'முசியே' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

"முசியே, பந்து வேணும்."

"கிழிஞ்சா யாரும்மா பதில் சொல்றது? கைய கால ஆட்டச் சொல்லு, போதும்."

ஆயுத பூஜைக்கு மட்டும் அது வெளியே வரும். பள்ளிக்கூட மணிக்கும் பந்துக்கும் சந்தனம், குங்குமம். பிள்ளைகள் வரிசையாகக் கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் பந்து மறுபடி பீரோவுக்குள்.

கந்தல் துணியை உருட்டிச் சணல் சுற்றித்தான் எறியவும் பிடிக்கவும் சொல்லித்தந்தேன். ஐந்தாம் வகுப்புப் பொன்னி எறிந்தால் அந்தக் கந்தல் வேப்பமரத்தைத் தாண்டிப் போய் விழும். பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு ஒரு த்ரோபால் அணி எடுக்க அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. பொன்னியின் அப்பா மில் தொழிலாளி. "டீமுல எடுத்தாங்கன்னா மேல படிக்கட்டும் டீச்சர். இல்லன்னா வூட்ல புள்ளய பாத்துக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அவளோ தினமும், "நா டீமுக்குப் போயிடுவேன்ல டீச்சர்?" என்று கேட்பாள்.

அதிகாரி வந்தார். முசியே பெருமையாகப் பீரோவைத் திறந்தார். பந்தில் பூஜைச் சந்தனம் அப்படியே காய்ந்திருந்தது. அதிகாரி வீசினார். பொன்னி அழகாகப் பிடித்தாள். பிடித்தவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றி, மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எறி பொன்னி" என்று கத்தினேன்.

"சாமி பந்து டீச்சர்."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "பந்தையே பாக்காத புள்ளைங்களா இருக்கே" என்று எதையோ எழுதிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார். முசியேவுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியாம்மா, என்னா மரியாத."

முசியேவை அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வேலை நிரந்தரமாகாத சமயம், வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் காது கிழிய விசில் ஊதத்தான் எனக்குத் தைரியம் இருந்தது. அந்த ஆள்மீது எவ்வளவு ஆத்திரமோ, அவ்வளவும் என்மீதும் உண்டு.

ஜூன் மாதம் பொன்னி எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. இடுப்பில் தம்பியோடு தெருக்குழாயடியில் நின்று, என்னைப் பார்த்ததும் "டீச்சர்" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்த மில் இல்லை. பள்ளி இல்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். முசியே ஓய்வு பெற்ற அன்று பீரோவைக் காலி செய்தது நான்தான். பந்து அடித்தட்டில் கிடந்தது, காற்றிறங்கிச் சுருங்கிப்போய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் கிழியவில்லை.