பிரஸ் ஷாப் செல்வியின் ஸ்பானிஷ்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பாண்டிச்செல்வி ஒற்றைக் கையால்தான் கம்பியைப் பிடிப்பார். இன்னொரு கை ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கும். ‘அபாகே’ என்று முணுமுணுத்தால் விரல்கள் ஒரு சாவியைத் திருப்பும்: அணையுங்கள். ‘சாக்கே’ என்றால் எதையோ வெளியே இழுக்கும்: எடுங்கள். ‘நோ தோக்கே’, தொடாதீர்கள், என்றால் கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

“இன்னா செல்வி, பஸ்சுல யாருக்கு சைகை காட்டினு வர்ற?” என்பார் சூப்பர்வைசர் ரஞ்சித்.

“உங்களுக்கில்ல சார். நான் சொல்லுதத நீங்க என்னைக்கு கேட்டிய?”

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பென்னலூரில் நான்கு பெண்களோடு ஓர் அறை. வந்த நாளிலிருந்து தகடு அழுத்தும் ஒரே பிரஸ் மிஷின். எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு வழக்கம்: தகடு சிக்கினால் மிஷினுக்கு இருபுறமும் நிற்பவர்கள் தங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி மிஷினை அணைப்பார்கள்; அதன் பிறகே கை உள்ளே போகும். செல்வி டீ குடிக்கப் போகும்போதும் கைகளைக் காட்டிவிட்டுத்தான் போவார்.

அந்த மிஷின் இப்போது உற்பத்தி லைனோடு மெக்சிகோவுக்குப் பெயர்கிறது. செல்வி போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரே ஓர் ஆள் வேண்டும், அதுவும் ஸ்பானிஷ் தேறிய ஆள்.

கேன்டீனில் வகுப்பு; செல்விக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருபவன் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். எதையும் அட்டவணை போட்டுப் படித்துப் பழகியவன். அவருக்கு அட்டவணை ஒட்டவில்லை. கட்டளையாகச் சொல்லும்போது சில வினைகளுக்கு, ஒலி மாறாமல் இருக்க, எழுத்து மாறும். ‘அபாகே’ எழுதும்போது நடுவில் நுழையும் ‘யூ’வை விட்டுவிட்டு, பிறகு நகத்தால் தாளைச் சுரண்டுவார். ஒருநாள் சொன்னார்: “ஷிப்ட் மாறுத மாதிரி வச்சிக்கிடுதேன் தம்பி. ஆளு மாறும், மிஷின் சத்தம் மாறப்படாது.” அதன் பிறகும் ஒன்றிரண்டு தவறும்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் தேர்வு. வேறு மொழியில் ஒரு சொல் வந்தாலும் அத்தோடு முடிந்தது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில், மெக்சிகோவில், அதே வகை மிஷின் முன்னால் லூப்பே என்ற புதுப் பெண். செல்வி சொல்லச் சொல்ல அவர் ஓட்ட வேண்டும். முதல் தகடு சரியாக விழுந்தது. அடுத்தது சிக்கியது. மிஷினை அணைக்காமலே லூப்பே உள்ளே கையை நீட்டினார்.

செல்விக்கு வாய் திறந்தது, ஸ்பானிஷ் வரவில்லை.

“ஏட்டி, கைய எடு.”

அந்தக் கத்தலில் லூப்பேயின் கை பாதியில் நின்றது. ஒன்றும் விளங்காமல் திரையையே பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை.

“போச்சு,” என்றார் ரஞ்சித் என் தோளுக்குப் பின்னால். “தமிழ்ல பேசினா அவுட்டுன்னு சொல்லிகீறாங்களே, செல்வி.”

செல்வி திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் போனுக்கு நேராகக் காட்டினார். லூப்பே தயங்கினார்; பிறகு மெல்லத் தன் கைகளை வெளியே எடுத்து அதேபோல் விரித்தார்.

“அபாகே,” என்றார் செல்வி, தணிந்த குரலில்.

அங்கே சாவி திரும்பும்வரை இங்கே அவர் கைகள் இறங்கவில்லை.