துரைக்கு வயசாகாது

கடை ஷட்டரைத் தூக்கியதும் என் அக்கா கணவர் செய்கிற முதல் வேலை விளக்கைப் போடுவதல்ல. அரை இருட்டிலேயே மூலைத் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்துவார். கண்ணாடியில் ஒருமுறை ஊதுவார். படிந்த ஆவியைச் சட்டை நுனியால் வட்டமாகத் துடைப்பார். முழுத் தொட்டியையும் அல்ல, தன் முகம் தெரியும் அளவுக்கு மட்டும். பிறகு உதட்டின் இரண்டு ஓரங்களையும் காதுப்பக்கம் இழுத்து, பல் தெரியாமல், உள்ளே இருப்பது எப்படிச் சிரிக்கிறதோ அப்படியே சிரித்துப் பார்ப்பார். பத்து விநாடி. அதற்கப்புறம்தான் விளக்கு. அதற்கும் அப்புறம், உள்பக்கம் திரும்பி, "ஏய், டீ என்னாச்சு?"

உள்ளே இருந்தது ஓர் ஆக்சலாட்டல். ஒரு சாண் நீளம். தோல் உரித்த வெங்காய நிறத்தில் உடம்பு. மிளகு வைத்தாற்போல் இரண்டு கண்கள், இமை கிடையாது. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாகச் சிவந்த இறகுகள் விரிந்திருக்கும். அவை இறகல்ல, செவுள்கள். நான்கு குட்டைக் கால்கள். அகன்ற வாய், எப்போதும் சிரித்தபடி. பசித்தாலும் அந்தச் சிரிப்புதான், நோய் கண்டாலும் அதேதான், ஏனென்றால் அது சிரிப்பே இல்லை, தாடையின் அமைப்பு. இதை மாமாவிடம் ஒருமுறை சொன்னேன்.

"அதான் மச்சான் பிசினஸ்," என்றார். "சோகமான மூஞ்சிய எவன் வாங்குவான்?"

தெருவில் அவருக்குப் புரொஃபசர் என்று பெயர். மரியாதையில் வைத்ததல்ல. அவர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். கைபேசி உறை விற்றபோது கைபேசிக் கதிர்வீச்சைப் பற்றிப் பாடம் எடுத்தார். தண்ணீர் வடிகட்டி விற்றபோது சிறுநீரகத்தைப் பற்றி. இரண்டிலும் சரக்கு தேங்கியது, பாடம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அலங்கார மீன் கடை ஐந்தாவது தொழில். வாடகை வீட்டின் முன்னறைதான் கடை, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி. அதற்குப் பின்னால் நான் படுக்கும் நடை, அதற்குப் பின்னால் சமையலறையும் அவர்கள் அறையும். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், மதியத்துக்குமேல்தான் வேலை. அதனால் காலை வகுப்புகளுக்கு எனக்கு விடுப்பே கிடையாது.

"மீன் இல்லீங்க," என்று தொடங்குவார். பேருந்துக்கு நிற்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்திருப்பார்கள். "சாலமாண்டர் குடும்பம். தவளைக்குத் தூரத்துச் சொந்தம். தலைப்பிரட்டை தவளையா மாறுதில்ல? இது மாறாது. கடைசி வரைக்கும் குழந்தையாவே இருக்கும். ஆனா குழந்தையா இருந்துக்கிட்டே முட்டை போட்டுக் குடும்பம் நடத்தும். கை போச்சுன்னா கை முளைக்கும். வால் போச்சுன்னா வால். இதயத்துல ஒரு துண்டு போனாக்கூட வளத்துக்கும். மூளையும் அப்படித்தான்."

"மூளை முளைக்குமா? உங்களுக்கு ஒண்ணு ஆர்டர் போடலாமே," என்றார் ஒருநாள் பக்கத்துச் சலவைக் கடைக்காரர்.

மாமா சிரிக்கவில்லை. "உலகத்துலயே ஒரே ஒரு ஏரிப் பக்கம்தான் இது காட்டுல இருக்கு. அங்கயும் அழிஞ்சிக்கிட்டு வருது. ஆனா வீட்டுத் தொட்டிகள்ல லட்சக்கணக்குல இருக்கு," என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டார். தொட்டிக்கு மேல் அவரே எழுதி ஒட்டிய அட்டை: 'என்றும் இளமை'. கூட்டம் சிரிக்கும், படம் எடுக்கும், பேருந்து வந்ததும் கலைந்துவிடும். யாரும் வாங்கியதில்லை.

பாடத்தில் வராத ஒரு விஷயம் உண்டு. அந்த ஜீவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சாதாரண அறைச் சூட்டில் வாடிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க வழியில்லாததால், பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகத் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். உறையவைப்பது வீட்டு ஃப்ரிட்ஜில். மாற்றுவது அக்கா. மண்புழு நறுக்குவது அக்கா. அடியில் கிடக்கும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் அவள்தான். அவளுக்குத் தைராய்டு குறைபாடு. மற்றவர்கள் மின்விசிறி கேட்கும் நாளில் அவள் காலுறை போட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கையைத்தான் ஐஸ் தண்ணீரில் விட்டு எடுக்க வேண்டும்.

"துரைக்கு ஐஸ் வைக்கணும், நகருடா," என்பாள் என் படுக்கையைத் தாண்டும்போது. அந்தப் பிராணிக்கு அவள் வைத்த பெயர் அது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பதினொரு பாட்டில்கள். வீட்டுச் சாமான் வைக்க இடமில்லை என்று அவள் முறையிட்டால் மாமா சொல்லும் பதில் ஒன்றுதான்: "லெவல் வரும்டி. கொஞ்சம் பொறு."

லெவல் ஒரு பல் டாக்டர் அம்மாவின் உருவத்தில் வந்தது. அவர் மூன்றாவது கிளினிக் திறக்கப் போகிறார். காத்திருப்பு அறைக்கு ஏதாவது உயிருள்ளது வேண்டும். ஆக்சலாட்டலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"அய்யோ, சிரிக்குது பாருங்களேன்! பயந்துக்கிட்டு வர்றவங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டணும்."

"மீன் இல்லீங்க மேடம்," என்று மாமா ஆரம்பித்தார். முழுப் பாடம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய தொழிலில் எதிராளி பேசுவது அபூர்வம்.

"எல்லாம் சரி. ஆனா அசையவே மாட்டேங்குதே? செத்துப்போச்சுன்னு எவனாவது கத்தினா என் கிளினிக் பேரு கெட்டுரும்."

"அதோட சுபாவமே அப்படித்தான் மேடம்."

"ஆறு வாரம் கழிச்சுத் திறப்பு. நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தா எடுத்துக்கறேன். மூணு கிளினிக் தொட்டியையும் நீங்களே பாத்துக்கலாம். ஒவ்வொண்ணுலயும் உங்க போர்டு."

ஒவ்வொன்றிலும் போர்டு. அந்த மனிதரின் நாற்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் பெயரை அவரைத் தவிர வேறு யாரும் சுவரில் மாட்ட முன்வந்ததில்லை. அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது. சலவைக் கடைக்காரரிடம், "ஆறே வாரம்," என்றார், சாவுத் தேதி சொல்லும் ஜோசியர் மாதிரி.

நான்கைந்து நாள் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். மாமா ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒரு மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்காவின் மாத்திரை பாட்டில், மூடி திறந்து. மாவைத் தண்ணீரில் கலக்கித் தொட்டியில் ஊற்றினார்.

"என்ன மாமா அது?"

"சத்து." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அக்காவை நெனச்சுப் பாரு மச்சான். ரெண்டு வருஷம் முன்னாடி எப்படி இருந்தா? சாஞ்சா சாஞ்ச இடம். மாத்திரை போட ஆரம்பிச்சா, இப்ப என்னா ஓட்டம்! ஆளையே எழுப்பி விட்டுருச்சு, இந்தப் பூச்சிய எழுப்பாதா?"

'மீன் இல்லீங்க' என்று ஊரைத் திருத்துகிறவருக்கு, பாடம் கேட்க ஆளில்லாதபோது அது பூச்சி. நான் வாயில் இருந்த நுரையைத் துப்பப் போனேன். எனக்குச் சட்டென்று பேச வராது என்று எல்லோருக்கும் தெரியும். அது எனக்குப் பல சமயங்களில் வசதியாகவும் இருந்திருக்கிறது.

தினமும் ஒன்று. இரண்டு வாரத்தில் அக்கா கேட்டாள்: "என்னங்க, மாத்திரை சீக்கிரம் தீர்ற மாதிரி இருக்கே?"

"கம்பெனிக்காரன் குறைச்சுப் போட்டிருப்பான். எதுக்கு தினம் போடறே? விட்டு விட்டுப் போடு. உடம்பு மருந்துக்கு அடிமையாயிரக் கூடாது."

"அப்படியா?" என்றாள் அக்கா. "சரி, நிறுத்திப் பாக்கறேன்."

அவள் நிறுத்தியதும் நான் எதிர்பார்த்தது நடந்தது. மாலையில் வீட்டு வேலை முடிந்ததும் படுத்துவிடுவாள். ஐஸ் பாட்டில் மூன்று மணிக்கு மாறவேண்டியது ஐந்துக்கு மாறும், சில நாள் மாறவே மாறாது. மாமா எழுந்து போய் மாற்ற வேண்டியதாயிற்று. கையை உதறிக்கொண்டே, "யப்பா, எலும்பு வரைக்கும் ஏறுது! என்னடி சோம்பேறித்தனம் இது? திறப்பு நேரத்துல படுத்துக்கிட்டு," என்று கத்துவார். அக்கா போர்வைக்குள்ளிருந்து, "முடியலைங்க," என்பாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். சொல்லாமல் வேலைக்குப் போய் ஊரார் எழுத்தில் ஒற்றெழுத்துப் பிழை பார்த்தேன்.

துரைக்கோ மருந்து வேலை செய்தது. மூன்றாவது வாரம் மேலே வந்து காற்றை விழுங்கியது. "பாத்தியா! மேல வருது!" என்று மாமா குதித்தார். நான்காவது வாரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நீந்தியது, கண்ணாடியில் கால் வைத்து ஏறப் பார்த்தது. அவர் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். செவுள் இறகுகள் கொஞ்சம் குட்டையானதை, "முடி வெட்டிக்கிட்ட மாதிரி நீட்டா இருக்கு," என்றார். வால் துடுப்பு கரைந்து வால் உருண்டது. கண்கள் புடைத்துக்கொண்டு மேலே வந்தன. ஒருநாள் அது கண் சிமிட்டியது. இமையே இல்லாதது என்று நூறு பேருக்குச் சொல்லியிருந்தவர், அந்தச் சிமிட்டலைப் பார்த்து, "என்னைப் பாத்துக் கண்ணடிக்குது மச்சான்," என்றார்.

அது சுறுசுறுப்பில்லை. குழந்தையாகவே இருந்துவிட வேண்டிய ஒன்றை அவர் தினம் ஒரு மாத்திரை போட்டுப் பெரியவனாக்கிக்கொண்டிருந்தார். செவுள் உதிர்ந்து, நுரையீரலை நம்பி, அது கரையைத் தேடியது. கரை இல்லாத தொட்டியில் எத்தனை நாள் சுற்றுவது? ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அது மூடியின் இடுக்கு வழியாக வெளியேறி, மீன் தீவனப் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மாமா அலறியடித்துத் தூக்கித் தண்ணீரில் போட்டார். அது ஏறியது. மறுபடி போட்டார். அன்று பகல் முழுக்க இதே வேலை.

டாக்டர் சொன்ன நாளில் வந்தார், ஓர் உதவியாளரையும் தொட்டி தூக்க ஆளையும் கூட்டிக்கொண்டு. தொட்டிக்குள் மாமா அடுக்கியிருந்த கற்களின்மேல் இறகில்லாத ஒரு வெளிறிய உருவம் உட்கார்ந்திருந்தது. மேலே அட்டை: 'என்றும் இளமை'.

"இதென்ன, ஓணானா?"

"அதேதான் மேடம். கொஞ்சம்... வளர்ந்திருக்கு."

"வளராதுன்னு முக்கால் மணி நேரம் சொன்னீங்களே?"

மாமா உள்பக்கம் திரும்பினார். "இவதான் மேடம். ஐஸ் ஒழுங்கா மாத்தலை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

அக்கா நடை வாசலில் வந்து நின்றாள், சால்வை போர்த்தியபடி. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. அலமாரியில் ஸ்பூனுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து அதன் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "இதையா போட்டீங்க?"

"சத்து மாத்திரை மேடம். நல்லா வேலை செஞ்சுது."

"தைராய்டு மாத்திரைய்யா இது. யாரோடது?"

"என்னோடது," என்றாள் அக்கா.

"நீங்க சாப்பிடறீங்களாம்மா?"

"நிறுத்தச் சொன்னாருங்க. இருபத்திரெண்டு நாளாச்சு."

தொட்டி தூக்க வந்த ஆள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் பாட்டிலை அக்கா கையில் கொடுத்து, நாளைக்கே ரத்தப் பரிசோதனை செய்யும்படி சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொத்தைப் பல்லைக்கூட அவர் அவ்வளவு வெறுப்பாகப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த மனிதர் அப்போதும் கேட்டார்: "அப்ப மத்த ரெண்டு கிளினிக் தொட்டி, மேடம்?"

டாக்டர் படியிறங்கினார். போர்டு போச்சு. சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று வாரம் மாமா செவுள் முளைக்கக் காத்திருந்தார். "கையே முளைக்கறப்ப செவுள் முளைக்காதா?" தினமும் காலையில் அதைத் தண்ணீருக்குள் அமுக்குவார், அது ஏறி வந்துவிடும். ஒரு தடவை மாறிவிட்டால் திரும்ப வழியில்லை என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. கடைசியில் அக்காதான் ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஈரமண்ணும் பாசியும் போட்டு அதைக் குடிவைத்தாள். அட்டையை யாரோ கிழித்துவிட்டார்கள். மாமா இப்போது மாடித்தோட்டத்துக்கு உரம் விற்கிறார். உரத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்.

ஃப்ரிட்ஜ் காலியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு பாட்டில்களையும் பழைய சாமான்காரரிடம் போடக் கட்டிக்கொண்டிருந்தோம், அக்காவும் நானும். அப்போதுதான் வெகுநாளாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்: அவர் மாத்திரை எடுத்ததை முதல் வாரமே பார்த்தேன், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று. அழுவாள் அல்லது அறைவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்டா. பிரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டு நின்னியே," என்றாள், முடிச்சை இறுக்கிக்கொண்டே.

பிறகு கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்தப் பிராணியை வாங்கியபோது கூட வந்த பராமரிப்புக் குறிப்பு. மாமா பிரிக்காமலே குப்பையில் போட்டது. மூன்றாவது வரியில், தைராய்டு மருந்து தண்ணீரில் படவே கூடாது, பட்டால் செவுள் உதிர்ந்து நிலப்பிராணியாகிவிடும் என்று அச்சிட்டிருந்தது. அதைத் தொட்டி வந்த அன்றே அவள் படித்திருக்கிறாள். மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தவில்லை என்றும் சொன்னாள். தனக்கென்று வேறு பாட்டில் வாங்கி, எல்லோரும் எழும்முன் விழுங்கிவிட்டு, மாலையில் நிம்மதியாகப் போர்த்திப் படுத்திருக்கிறாள். இரண்டு வாரத்திலேயே சீக்கிரம் தீர்வதாக அவள் சொன்ன அந்தப் பழைய பாட்டில் அதற்கப்புறமும் ஏன் காலியாகவே இல்லை என்று மாமா யோசிக்கவில்லை. எதையும் பார்க்காமல் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை. அதில் மாத்திரை குறையக் குறைய அவள்தான் நிரப்பி வைத்திருக்கிறாள், இரண்டு முறை.