அடுத்தவர் வயலில் ஒரு வழி

இந்த ஊரில் அடுத்தவர் வயலுக்குள் நடந்து போவதற்கு வரைபடம் போட்டு விற்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமத்துக்கு நானும் கணவரும் விடுமுறைக்குப் போயிருந்தோம். ரொட்டி, முட்டை, மழைக்கோட்டு, நாய்த்தீனி, நடைபயண பூட்ஸ் எல்லாமே அங்கிருந்த ஒரே கடையில்தான். கல்லாவில் இருந்த அம்மாள் வரைபடத்தை விரித்து, ஒரு பச்சைக் கோட்டை விரலால் தொட்டு, கடலோரப் பாதைக்கு இப்படிப் போங்கள் என்றார். கோடு ஒரு பண்ணையின் நட்டநடுவில் ஓடியது. "நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டாமா?" என்றேன். அவருக்கு என் கேள்வியே பிடிபடவில்லை. வழி தெரியாமல் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "தொலைந்துபோக மாட்டீர்கள்" என்று ஆறுதல் சொன்னார்.

பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, சுத்தி கல்லு நட்டாச்சு. அந்த வழி மட்டுந்தான் பாக்கி. ஆளுங்க நிக்கிறாங்க, சேத்து அடைச்சுடட்டுமா? எடம் கிளீனா இருந்தாத்தான் எடுப்பேன்னு பார்ட்டி சொல்றான். உனக்கும் பங்கு இருக்குதில்ல, ஒரு வார்த்தை சொல்லிடு."

எனக்கு ஒரு காலில் பூட்ஸ், இன்னொன்றில் வெறும் சாக்ஸ். கணவர் பழுப்பா கறுப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்டா" என்று சொல்லி போனை வைத்தேன். பழுப்பை எடுத்துக்கொண்டேன். அந்த முடிவுக்கு நான் செலவழித்த யோசனையில் பாதிகூட தம்பியின் கேள்விக்குச் செலவழிக்கவில்லை.

எங்கள் நிலம் தேன்கனிக்கோட்டை போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. கேழ்வரகும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த மண்ணுக்கு இப்போது கிடங்கு கட்டுகிறவர்கள் விலை கேட்கிறார்கள். பின்னால் இருக்கும் காலனிக்காரர்கள் எங்களிடம் கூலிக்கு வந்ததும் அந்த நிலத்து வரப்பில்தான். இன்று ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மெயின்ரோட்டுக்குப் போவதும் அதே வரப்பில்தான். அதை அடைத்தால் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகவேண்டும். கேழ்வரகு முற்றும் இந்த மாதங்களில் பொழுது சாய்ந்தால் ஏரிக்கரைக்கு யானை இறங்கும். எங்கள் பட்டாவில் அப்படியொரு வழியே கிடையாது. அடைத்தால் யாரும் கேஸ் போட முடியாது.

நானும் அந்த பஸ்ஸில் போனவள்தான். டிப்ளமோ முடித்ததும் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். எங்கள் நிலத்தில் களையெடுத்த லட்சுமி அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தார். விடிவதற்கு முன்னால், "பாப்பா, என் பின்னாலயே வா" என்று கையில் டார்ச்சோடு முன்னே நடப்பார். யானை இருந்தால் விலகட்டும் என்று உரக்கப் பேசிக்கொண்டே போவார். வீட்டு வாசலில் அவரை நாங்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பஸ் ஏறியபிறகுதான் எனக்கு அவர் லட்சுமியக்கா. அதைக்கூட வீட்டுக்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரம்மாள் காட்டிய பண்ணைக்குள் திருடியைப் போலத்தான் நடந்தேன். பாதி தூரம் போயிருப்போம், வண்டியில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். "மன்னியுங்கள், இதோ திரும்பிவிடுகிறோம்" என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். வண்டிக்காரர் குழம்பிப்போனார். முன்னால் சேறாகக் கிடக்கிறது, வேலியை ஒட்டிப் போங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். "இது உங்கள் நிலம்தானே?" என்று கேட்டேன்.

"நிலம் என்னுடையது. பாதை என்னுடையதில்லை" என்றார், அது பெரிய விஷயமே இல்லாததுபோல.

காலையில் நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் வயலை, புது பூட்ஸால் மிதித்து, கடல் பார்க்கப் போகிறேன், பொழுதுபோக்குக்கு. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு நான் வழியை அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன், சிக்னல் இல்லை.

பண்ணை முடிகிற இடத்தில் ஒரு விசித்திரமான கதவு. கிஸ்ஸிங் கேட் என்கிறார்கள். ஆடுமாடு தாண்டாமலிருக்க ஒரு சின்னக் கூடு. ஒவ்வொருவராக உள்ளே போய் நின்று, கதவை மறுபக்கம் தள்ளிவிட்டு வெளியேற வேண்டும். கணவர் கடந்துவிட்டார். நான் கூட்டுக்குள் நின்றபோது தம்பிக்கு லைன் கிடைத்தது.

"அந்த வழியை மட்டும் விட்டுடுடா."

"கம்பியே கட்டியாச்சுக்கா. அப்ப நீதானே சொன்னே?"

"யோசிக்காம சொல்லிட்டேன்."

"இங்க ஷிப்டு முடிஞ்சு வந்து நிக்கிறாங்க. நான் மட்டும் கெட்டவனாவணுமா? நீயே பேசு."

போன் கை மாறியது.

"பாப்பா, நல்லா இருக்கியா?" லட்சுமியக்காதான். "நீயே அடைக்கச் சொன்னதா தம்பி சொல்லுது. பாப்பா அப்படிச் சொல்லாதுன்னு நான் சண்டை போட்டுக்கினு நிக்கிறேன்."

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், தம்பி பொய்யனாகிவிடுவான், நான் பழைய பாப்பாவாகவே இருந்திருப்பேன். நாக்கு வரை வந்தது.

"நான்தாங்க்கா சொன்னேன்."

அவர் பேசுவதற்குள் அவசரமாகத் தொடர்ந்தேன்.

"தப்புதாங்க்கா. திறக்கச் சொல்றேன்."

"நட்ட கல்ல யாரு பாப்பா புடுங்குவாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "சரி, வெக்கிறேன். இருட்டுக்குள்ள ஏரிக்கரைய தாண்டணும்."

தம்பி திரும்ப போனை வாங்கவில்லை. அழைப்பு நின்றுபோயிருந்தது. மறுபடி மறுபடி அழுத்தினேன், அவன் எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி, நாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இங்கே யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

"நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்களா, இந்தப் பக்கம் வருகிறீர்களா?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

கடல் பக்கத்தில் நின்று கணவர் வா வா என்று கைகாட்டினார். போனைப் பிடித்தபடி கூட்டுக்குள்ளேயே நின்று, அவர்களுடைய வழியையும் மறித்துக்கொண்டிருந்தேன்.