பின்னால் இடமில்லாத மோட்டார் சைக்கிள்

கலியாணமாகி முதல் ஐந்து வருஷமும் நானும் இவரும் கதைத்ததெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான். வீட்டில் கதைக்கவில்லையா என்றால், கதைத்தோம். "சோறு போடட்டோ", "துவாய் எங்கை", "மழை வரும்போலை கிடக்குது". அதற்கு மேல் அந்த வீட்டில் ஒன்றும் கதைக்க ஏலாது.

நெல்லியடிக்குக் கிட்ட, குறுகலான ஒழுங்கைக்குள் இரண்டு அறை வீடு. எனக்குச் சீதனமாக வந்தது. ஆனால் வீட்டோடு சேர்த்து என்னைப் பெற்ற ஐயா, அம்மா, கலியாணமாகாத தங்கச்சி என்று மூன்று பேரும் சீதனமாக வந்தார்கள். எங்கள் அறைக்கும் ஐயா படுக்கிற விறாந்தைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. நாங்கள் குசுகுசுத்தால் ஐயா இருமுவார். அது நோய் வருத்தத்தில் வருகிற இருமல் இல்லை. எனக்குக் கேட்குது என்று அறிவிக்கிற இருமல்.

அம்மா இன்னொரு விதம். மருமகனுக்கு முன்னால் நேரே வந்து நிற்க மாட்டார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் பிட்டு வைக்கட்டோ எண்டு கேள்" என்பார். நான் கேட்பேன். "வயிறு நிரம்பிட்டுது, காணும் எண்டு சொல்லும்" என்பார் இவர். நான் திரும்பிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் எல்லாம் முதலே கேட்டிருக்கும். ஆனாலும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

இவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. நான் நீர்வேலியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். காலையில் போகிற வழியில் என்னை இறக்கிவிட்டுப் போவார். பின்னேரம் வந்து ஏற்றிக்கொண்டு வருவார். யப்பானில் செய்த சின்ன மோட்டார் சைக்கிள் அது. நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக ஏறி இருந்தால் கொஞ்சம் முனகும், பிறகு மெல்ல மெல்லப் போகும். அதற்கும் அவசரமில்லை, எங்களுக்கும் அவசரமில்லை. வல்லை வெளிக்கு வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது. தண்ணீரும் வெறும் தரவை நிலமும்தான். அங்கேதான் நான் வாயைத் திறப்பேன்.

திறந்தால் நீர்வேலி வந்துதான் மூடுவேன். தலைமை வாத்தியாரோடு எனக்கு வந்த கொழுவல், தங்கச்சிக்குப் பேசி வந்த சம்பந்தம் குழம்பிப் போனது, பக்கத்து வீட்டுக்காரி வேலியை ஒரு சாண் தள்ளிக் கட்டியது, இரவு கண்ட கனவு, எல்லாம் இவருடைய இடது காதுக்குள் போகும். இவர் "ம்" என்பார். பெரிய விஷயம் என்றால் "ஓம்" என்பார். எனக்குத் தெரிந்த புருஷன் ஒரு முதுகும் பின்கழுத்தும் ஒரு காதும்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கலியாணமாகி இரண்டாம் வருஷம் வயிற்றில் ஒன்று தங்கியது. அதையும் வல்லையில் வைத்துத்தான் சொன்னேன். மோட்டார் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேரானது. ஐந்தாம் மாதம் அது தங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. கதைத்தால் எனக்கு நோகும் என்று நினைத்திருப்பார்கள். கதைக்காததுதான் எனக்கு நொந்தது.

ஆகவே இவருக்குச் சொன்னேன். இப்ப இருந்தால் குப்புறப் படுக்கும். இப்ப இருந்தால் தவழும். இப்ப இருந்தால் நாலு பல்லு முளைச்சிருக்கும். அந்தப் பிள்ளையை வல்லை வெளியில் வைத்து நான் வளர்த்தேன். இவர் "ம்" என்பார். ஒருநாள் தாங்க முடியாமல், "உங்களுக்குக் கவலையே இல்லையோ?" என்று கேட்டேன். அதற்கும் "ம்"தான். ஆம்பிளைகளுக்கு அவ்வளவுதான் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை. கேட்பதற்கு ஒரு முதுகாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு பின்னேரம், அதே வல்லையில், இவர் தானாக வாய் திறந்தார். அதுவே எனக்குப் பெரிய புதினம்.

"இஞ்சரும், நான் இன்னொரு மோட்டச்சைக்கிள் எடுக்கலாமெண்டு யோசிக்கிறன்."

"இதுக்கென்ன குறை?"

"இது நிக்கட்டும். இது உமக்கு. நீர் சைக்கிள் நல்லா ஓடுவீர்தானே. இதையும் பழகினா நீரே போய் வரலாம். நான் வருமட்டும் பள்ளிக்கூடப் படலையிலை நிண்டு காயத் தேவையில்லை."

படலையில் நிற்பது எனக்குக் கஷ்டம் என்று நான் எந்த நாளில் சொன்னேன்? என்னை இறக்கிவிட வழி தேடுகிறார் என்று பட்டது. என் கதை அலுத்துவிட்டது என்று பட்டது.

அது இறக்குமதி நின்றிருந்த காலம். புது மோட்டார் சைக்கிளைக் கண்ணால் காண முடியாது. ஆர் வெளிநாட்டுக்குப் போகிறான், ஆர் விற்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால்தான் ஒன்று அகப்படும். கடற்கரைப் பக்கத்தில் ஒரு இளம் பொடியன் கப்பலில் வேலைக்குப் போகப்போகிறான், ஒரு சிவப்பு ஸ்போட்ஸ் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான் என்று கந்தோரில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். என்னையும் ஏன் கூட்டிப் போனார் என்று தெரியாது. பார்த்தால் எனக்கும் பிடிக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

மீன் வலை காயப் போட்டிருந்த வளவுக்குள் அது நின்றது. இங்கிலாந்தில் செய்தது. நீளமான சிவப்பு டாங்கி. கைபிடி கீழே வளைந்து, ஓடுகிறவர் குனிந்துதான் பிடிக்க வேண்டும். சீற் ஒரு ஆளுக்குத்தான். அதன் பின்பக்கம் மேலே எழும்பி அப்படியே முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் நம்பர் தகடும். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், என்னை எங்கே வைப்பது என்று.

பொடியன் என்னைக் கண்டுவிட்டுச் சங்கடப்பட்டான். "அண்ணை, முதலே சொல்லிப்போடுறன். இதிலை அக்காவை ஏத்தேலாது. நான் தனி ஆள், எனக்கு இது காணும். நீங்கள் யோசிச்சு எடுங்கோ."

"அது பறவாயில்லை தம்பி," என்றார் இவர்.

எவ்வளவு லேசாகச் சொன்னார்! பொடியன் உதைத்துக் கிளப்பிக் காட்டினான். அந்தச் சத்தத்துக்கு முற்றத்துக் கோழிகள் எல்லாம் ஓடின. இவர் ஏறி ஒழுங்கை முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் காணவில்லை. அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா மருமகன் நிற்கிறதையும் மறந்து வெளியில் வந்துவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "எடி பிள்ளை, இதிலை நீ எங்கை இருக்கிறது?" என்றார். என் மனதில் இருந்ததை அம்மா ஒரே சொல்லில் கேட்டுவிட்டார்.

"உமக்குப் பழைய சின்னன் இருக்குதெண்டு சொல்லும்," என்றார் இவர் என்னைப் பார்த்து.

"எனக்குச் சின்னன் இருக்குதாம்," என்றேன் நான் அம்மாவிடம்.

பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைமார் விடுவார்களா? "உன்ரை மனுசன் ரெண்டாந்தாரம் கட்டியிட்டாராம், சிவப்பியாம்" என்று பகிடி பண்ணினார்கள். நானும் அதற்குச் சக்களத்தி என்றே பேர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்புவேன். கோபம் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் குந்தியிருக்கிற அந்த ஆளில் எனக்கு ஒரு பட்சமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சின்னனை நான் கெதியாகப் பழகிவிட்டேன். லீவு நாளில் தோட்டத்துப் பாதையில் இவர் பின்னால் ஓடி ஓடிப் பழக்கினார். லைசென்ஸும் எடுத்தேன். சேலையோடு மோட்டார் சைக்கிள் ஓடுகிற வாத்தியாரம்மா என்று நெல்லியடிச் சந்தையில் கொஞ்ச நாள் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போவது புது அனுபவம். அதுவரைக்கும் காற்றை இவர்தான் வாங்கினார், நான் பின்னால் ஒளித்திருந்தேன்.

ஆனால் கதை போய்விட்டது. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் புறப்படுவோம். பெரியதுக்கு மெல்லப் போகத் தெரியாது. என்னோடு பக்கத்தில் வந்தால் திணறும். கொஞ்ச தூரம் பறந்து போய் எனக்காக நிற்பார், நான் கிட்டப் போனதும் திரும்பவும் பறப்பார். பக்கத்தில் வந்தாலும் அந்தச் சத்தத்துக்குள் ஒரு சொல் கேளாது. வீட்டில் ஐயாவின் இருமல். வெளியில் இந்தச் சத்தம். எனக்குள் கதை சேர்ந்து சேர்ந்து நெஞ்சை அடைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். இனி இப்படியேதான் வயசு போகப்போகிறதோ என்று பயமாகவும் இருந்தது.

விசயதசமி வந்தது. பள்ளிக்கூடத்தில் வாணி பூசை. நேரத்தோடு போகவேண்டும் என்று சேலை உடுத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைக் கொண்டுவந்தாள். அவனுக்கு அன்றைக்கு முதலெழுத்து எழுதப் பழக்கி ஏடு தொடக்குகிறார்களாம், கோயிலுக்குப் போக முதல் எங்களுக்குக் காட்ட வந்திருக்கிறாள். சின்ன வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. என்னுடையது பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் பிறந்தவன் அவன். நான் கன்னத்தைக் கிள்ளி, நல்லாய்ப் படி ராசா என்றேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார். இவர் வெளியில் போய்ப் பெரியதை உதைத்துக் கிளப்பினார்.

வல்லை வெளிக்கு வந்ததும் இவர் வழக்கம்போல முன்னால் பறந்துவிட்டார். நான் யோசித்துச் செய்யவில்லை. சின்னனை றோட்டுக் கரையில் நிறுத்தி, இறங்கி நின்றேன். என்னைக் காணாமல் தூரத்தில் இவர் திரும்புவது தெரிந்தது. வந்த வேகத்தில் என்னைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினார்.

"என்ன, விழுந்திட்டீரோ? பெற்றோல் முடிஞ்சுதோ?"

"ரெண்டுமில்லை. நான் கதைக்கவேணும்."

"இஞ்சையோ?"

"வேறை எங்கை? சொல்லுங்கோ. எனக்கு வேறை எங்கை இடம் வைச்சிருக்கிறியள்?"

இவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்றார். கலியாண மணவறையில் கூட நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம்.

"பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு இண்டைக்கு ஏடு தொடக்குகினம்," என்றேன். "எங்கடை பிள்ளைக்கும் இண்டைக்குத்தான் தொடக்கியிருப்பம்."

"ம்" என்றார்.

அதே "ம்"தான். ஆனால் நான் இப்போது முகத்துக்கு நேரே நின்றேன். அதைச் சொல்ல அவருக்குக் கீழுதட்டைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கண்ணும் நிரம்பி ஒழுகிக்கொண்டிருந்தன. துடைக்கக்கூட இல்லை. துடைத்துப் பழக்கமில்லாதவர் போல நின்றார்.

"முந்தியும் இப்பிடித்தானோ?" என்று கேட்டேன்.

"எப்பவும் இப்பிடித்தான். நீர் பின்னாலை இருந்து சொல்லுவீர், நான் முன்னாலை அழுதுகொண்டு ஓடுவன். புத்தூருக்குப் போகமுன்னம் காத்துக்குக் காஞ்சிடும்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நானும் அழுறன் எண்டு தெரிஞ்சா நீர் சொல்லுறதை விட்டிடுவீர். பிறகு உமக்கு ஆர் இருக்கினம் சொல்ல?" தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். "பிறகு பிறகு எனக்குத் தாங்கேலாமல் போச்சுது. உந்தப் பெரியதிலை ஏறினா றோட்டைத் தவிர வேறை ஒண்டும் யோசிக்கேலாது. அதுதான் வாங்கினனான். உம்மை இறக்கிவிட இல்லை."

மூன்று வருஷம் அந்தப் பிள்ளைக்காக அழுதது நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய கண்ணைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. விசயதசமிச் சனம் நிறைய. கம்பிக்குள்ளால் தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. எங்கள் ஒழுங்கைச் சனமும் அதற்குள் இருந்திருக்கும், பின்னேரத்துக்கிடையில் ஐயாவின் காதுக்கும் போயிருக்கும். நான் கையை எடுக்கவில்லை.