நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்

பேச்சுவார்த்தை நடந்தது கல்லூரியில் இல்லை, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் ஐந்தாவது மாடியில். எங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் செயலருக்கு அந்தக் கடைதான் முதல் வேலை. கல்லூரி அவருடைய அப்பா விட்டுப்போன பொறுப்பு. பொங்கல் முடிந்து கல்யாண சீசன் தொடங்கியிருந்தது, கடையை விட்டு நகர முடியாது, நீங்களே இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதனால் வாரம் ஒரு நாள், கடைசி வகுப்பை முடித்துக்கொண்டு நானும் வணிகவியல் துறை சாரும் ஃபைல்களோடு பட்டுப்புடவைப் பிரிவைக் கடந்து லிஃப்டுக்குப் போவோம். "வாங்கம்மா, முகூர்த்தப் பட்டு பாக்குறீங்களா?" என்று கவுன்ட்டரில் நிற்கும் பெண்கள் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டுவேன். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டார்கள்.

நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். அந்தக் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் அப்போது எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பிரிவில் நாங்கள் எல்லோருமே ஒப்பந்த ஆசிரியர்கள். ஏப்ரல் கடைசியில் ஒப்பந்தம் முடியும். மே மாதம் எங்களுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமே கிடையாது. ஜூனில் கூப்பிட்டால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மறுபடியும் முதல் வருட ஆசிரியராகச் சேர வேண்டும். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க வழியில்லை. பிரசவத்துக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருடம் கணினித் துறையில் ஒரு பெண், புடவைக்கு மேல் போடும் ஓவர்கோட்டை ஒரு சைஸ் பெரிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் வயிற்றை மறைத்து வந்திருக்கிறாள். லேபில் மயங்கி விழுந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்ததும் அவள் முதலில் கேட்டது, பிரின்சிபாலுக்குத் தெரிந்துவிட்டதா என்பதை.

அதன் பிறகுதான் பெயருக்கு இருந்த ஆசிரியர் சங்கம் நிஜமாகக் கூடியது. மூன்று விஷயம் கேட்பது என்று முடிவானது. மே மாதத்தில் அறுபடாத பணித்தொடர்ச்சி. பிரசவ விடுப்பு. யாரையாவது நிறுத்தினால் எழுத்தில் காரணம். பேசுவதற்கு இரண்டு பேர் வேண்டும். வணிகவியல் சார் எங்களில் மூத்தவர், அவரைச் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஒரு பெண்ணும் வேண்டும் என்றபோது, வீட்டுக்குப் போய் யாருக்கும் சமைக்க வேண்டாதவர் மேடம்தானே என்று ஒருவர் என்னைக் காட்டினார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மைதான். கணவர் இறந்து ஆறு வருடம், மகளுக்கு புனேயில் வேலை. திருவான்மியூர் வீட்டில் காலையில் நான் வைத்த டம்ளர் சாயங்காலம் வரை வைத்த இடத்தில்தான் இருக்கும்.

முதல் நாளே செயலர் ஒரு நிபந்தனை வைத்தார். மெட்ராஸுக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் அவர் பேச்சில் ஊர் போகவில்லை. "உள்ள பேசுதது உள்ளயே இருக்கணும், மேடம். போன தடவை பாதிப் பேச்சுல யாரோ வாட்ஸப்புல போட்டுட்டாங்க. ட்ரஸ்ட் கமிட்டில என்னைய வாயத் தொறக்க விடலை. கையெழுத்து ஆகுத வரைக்கும் வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. உங்க வார்த்தையை நம்பித்தான் உக்காருதேன்."

சார் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் சரி என்றோம். அது நியாயமான நிபந்தனை என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தச் சரி என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கியது. முதலில் எல்லோரும் ஆவலாகக் கேட்டார்கள். இப்போது சொல்ல முடியாது என்றேன். அப்புறம் கேட்காமல் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போது பேச்சு நிற்க ஆரம்பித்தது. ஐந்தாவது மாடியில் காபி நன்றாக இருக்குமாமே என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். மேலே செயலர் என்னை எதிர்த்தரப்பு என்று நினைத்தார், கீழே என் தரப்பே என்னை அவர் தரப்பு என்று நினைக்கத் தொடங்கியிருந்தது.

கேட்காத தோழி ஒருவர் இருந்தார். என் துறையிலேயே அடுத்த மேஜை. மயிலாப்பூர்க்காரர். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் பிஎச்.டி. முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். சேர்ந்து மூன்று வருடம்தான். ஆனால் அந்த மூன்று வருடமும் நாங்கள் ஜன்னலோர மேஜையில் சேர்ந்துதான் சாப்பிட்டோம். என் டப்பாவில் பெரும்பாலும் முந்தின நாள் குழம்புதான். அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதில் பாதியை இந்தப் பக்கம் தள்ளுவார். அவர் என்னைச் சிரிக்க வைக்காத நாள் எனக்கு வேலை செய்த நாள் மாதிரியே இருக்காது.

பிப்ரவரி நடுவில் சாரைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாகப் போட்டார்கள். நிர்வாகப் பதவி. இனி ஆசிரியர் பக்கம் உட்கார முடியாது. போனில்தான் சொன்னார். அவருக்குப் பதில் வேறு ஆள் அனுப்புவதாகச் சங்கத்தில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. அடுத்த வாரம் லிஃப்டில் நான் மட்டும் நின்றேன். "இன்னாமா, சார் வர்ல?" என்றார் லிஃப்ட்காரர். அன்று என்னிடம் அப்படி விசாரித்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த வாரம்தான் செயலர் விஷயத்துக்கு வந்தார். மூன்று கோரிக்கையையும் கமிட்டி ஒப்புக்கொள்ளும், ஆனால் ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு மட்டும். நான் இரண்டு என்றேன். பிறகு மூன்று என்றேன். அவர் கோபப்படவில்லை. கமிட்டியில் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விளக்கினார். "மூணுன்னு கொண்டு போனா மொத்தமும் விழுந்துரும், மேடம். நான் உங்ககிட்ட பொய் சொல்லலை." அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என் தோழி டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அடையாறுல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்கா. பர்மனென்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். ஆத்துல எல்லாரும் போயிடுங்கறா. நேக்குத்தான் காலேஜை விட மனசில்லை."

நான் என் டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

"உள்ள என்ன பேசறேள்னு நான் கேக்கலை, மேடம். போகட்டுமா, இருக்கட்டுமா? அதை மட்டும் சொல்லுங்கோ."

போங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் அடங்கிவிடும், ஏன் என்று அவர் கேட்கவே வேண்டாம். அவருக்குப் புரிந்தால், அவரைப்போல இரண்டு வருடம் மூன்று வருடம் ஆன மற்றவர்களுக்கும் சாயங்காலத்துக்குள் புரிந்துவிடும். கமிட்டிக்கும் போய்விடும். இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அந்த நேரத்தில் யோசித்தேனா, வெறுமனே பயந்தேனா, தெரியவில்லை.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "மோசமா இருந்தா நீங்க சொல்லியிருப்பேள்" என்று டப்பாவைத் திறந்தார். அன்று சேப்பங்கிழங்கு வறுவல். பாதியை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஐந்தாவது மாடியில் அந்த ஒரு எண்ணுக்காகவே பேசினேன். எழுந்து போய்விடுவேன் என்றுகூட ஒரு நாள் சொன்னேன். செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போங்க மேடம், ஆனா ஏப்ரல்ல எல்லாருக்கும் பழைய ஒப்பந்தம்தான் வரும் என்றார். கணினித் துறைப் பெண்ணுக்கு ஏப்ரலில்தான் பிரசவம். அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பதினொன்று. ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து வருடக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெயர்களைப் படித்தேன். ஒன்பது பேர். என் தோழியின் பெயர் ஏழாவதாக இருந்தது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டேன். செயலர் காபி வரவழைத்தார். நீங்க நல்லாப் பேசினீங்க மேடம் என்றார், மனசாரத்தான் சொன்னார். கீழே இறங்கி வந்தபோது கடையில் கூட்டம் நெரிந்தது. பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தவருக்குச் சொல்ல முடியாது. மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று செய்தி அனுப்பினேன். மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். 'சூப்பர்மா' என்று பதில் வந்தது, கூடவே கை தட்டும் பொம்மை இரண்டு.

மறுநாள் பொதுக்குழுவில் நான்தான் வாசித்தேன். பணித்தொடர்ச்சி என்றதும் கை தட்டினார்கள். பிரசவ விடுப்பு என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் என் தோழியும் தட்டிக்கொண்டிருந்தார். 'ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த ஆசிரியர்களுக்கு' என்ற வரி நான்காவது பக்கத்தில் இருந்தது. அதை வாசிக்கும்போது நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாசித்து முடித்துப் பார்த்தேன். அவர் கைகள் மடியில் இருந்தன.

அவர் சண்டை போடவில்லை. அன்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆங்கிலத் துறை மேஜைக்குப் போனார், அவ்வளவுதான். ஏப்ரல் வரை காலையில் குட் மார்னிங் சொன்னார், வினாத்தாள் பற்றிப் பேசினார். நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். "பரவால்ல மேடம்" என்று இரண்டு முறையும் முடித்துவிட்டார். ஜூனில் அந்த ஒன்பது பேரில் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். அவரைக் கூப்பிடவில்லை. எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத்தான்.

அடுத்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் அவரைப் பார்த்தேன். தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தார், மறுபடி ஒப்பந்தத்தில்தான். தினமும் மயிலாப்பூரிலிருந்து ரயில் மாறி மாறிப் போய் வருவதாகச் சொன்னார். டீ இடைவேளையில் அவரே என் பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"நான் எல்லாத்தையும் சொல்லச் சொல்லலை, மேடம். போன்னு ஒரு வார்த்தை."

"வார்த்தை குடுத்திருந்தேன்."

"தெரியும். உங்க எடத்துல இருந்தா நானும் வாயை மூடிண்டுதான் இருந்திருப்பேனோ என்னவோ." டீ கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆனா நீங்க அன்னிக்கு என் டப்பாலேர்ந்து எடுத்துச் சாப்பிட்டேளே. அதைத்தான் என்னால மறக்க முடியலை."

மணி அடித்தது. அவர் தன் விடைத்தாள் கட்டுக்குப் போய்விட்டார்.

கணினித் துறைப் பெண் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே மகனின் போட்டோவைக் காட்டினாள். அவளுக்குப் பிறகு இன்னும் இருவர் போய் வந்திருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து இந்த வருடம் திரும்பவும் பேச்சு தொடங்கியிருக்கிறது, திரும்பவும் நான்தான் போகிறேன். இந்த முறை உள்ளே பேசுவதை வெளியே சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். செயலருக்குப் பிடிக்கவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. ஐந்தை மூன்றாக்குவார்கள் போலத் தெரிகிறது, நிச்சயமில்லை. மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்துகிறார்கள். சொல்லி முடித்ததும் தேங்க்ஸ் மேடம் என்கிறார்கள். ஜன்னலோர மேஜையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்துவிட்டார்கள். நான் துறை அறையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

தி.நகரிலிருந்து திரும்பும் சாயங்காலங்களில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அன்றைக்குப் பேசியதை ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அடையாறு டிப்போ வருவதற்குள் அது முடிந்துவிடும். அப்புறம் போனை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே வருவேன். யாரையும் கூப்பிடுவதற்குள் திருவான்மியூர் வந்துவிடும்.